பூனையார் பந்தி: கேள்வி-பதில்

என் பூனைக்குப் பவுச் மட்டும்தான் தொண்டையில் இறங்குகிறது. மாதச் சம்பளத்தில் அதற்கென்று தனிப் பத்தி எழுத வேண்டியிருக்கிறது. பச்சைக் கறியையும் டின்னையும் கலந்து கொடுத்தால் செலவு குறையுமா?
– மாதக்கடைசி, மடிப்பாக்கம்

குறையும். பேப்பரும் பேனாவும் எடுங்கள். நாலு கிலோ எடையில், சோபாவே கதியென்று கிடக்கும் பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி போதும். 85 கிராம் பவுச்சில் பெரும்பாலும் 65 முதல் 80 கலோரிதான் இருக்கும். மீதியெல்லாம் தண்ணீர். ஆக, மூன்று பவுச். ஒன்று 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 4,500.

இப்போது பாதியை மாற்றுவோம். ஒன்றரை பவுச்சுக்கு 75 ரூபாய். கூடவே 80 கிராம் எலும்பில்லாத கோழித் தொடைக்கறி. கிலோ 350 என்றாலும் 28 ரூபாய்தான். ஒரு நாளைக்கு 103, மாதம் ஏறக்குறைய 3,100. கறியில் ஒரு பங்கை இதயமாக வாங்கினால் இன்னும் இறங்கும். பவுச்சை விட்டு 400 கிராம் டின்னுக்கு மாறினால் கிராம் கணக்கில் அதைவிடவும் இறங்கும்.

கிழித்ததும் கொட்டலாம் என்ற சௌகரியத்துக்குத்தான் பவுச்சில் பாதி காசு. பூனை அந்தச் சௌகரியத்தைச் சாப்பிடுவதில்லை.

அப்படியானால் டின் எதற்கு? முழுக்கக் கறியே போட்டுவிடுகிறேனே!
– கணக்குப்பிள்ளை, கும்பகோணம்

இங்கேதான் மிச்சம் பிடிக்கிறவர்கள் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். பூனை காட்டில் கறி தின்பதில்லை, எலி தின்கிறது. எலியென்றால் எலும்பு, ஈரல், குடல், ரத்தம் எல்லாம் சேர்ந்த முழுச் சாப்பாடு. நீங்கள் கடையில் வாங்குவது அதில் ஒரு பகுதி. வெறும் கறியில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதையே தின்று வளரும் குட்டி, ரத்தத்தில் குறைகிற கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். மேசையிலிருந்து குதித்தால் கால் ஒடியும்.

அதனால் கறிப் பாதியையும் சரிக்கட்ட வேண்டும். முட்டை ஓட்டைக் கழுவி, கொதிக்க வைத்து, உலர்த்தி, மிக்ஸியில் மாவாக அரையுங்கள். ஒரு கிலோ எலும்பில்லாத கறிக்கு ஒரு டீஸ்பூன், தலை தட்டி. அதே ஒரு கிலோவில் இதயம் 200 கிராம், ஈரல் 50 கிராம் இருக்கட்டும். ஈரல் மலிவு, பூனைக்கும் உயிர். அதற்காக அள்ளிப் போடாதீர்கள். நாள்தோறும் ஈரலே தின்னும் பூனைக்கு வைட்டமின் ஏ மிஞ்சிப்போய்க் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு திரும்பிப் பார்க்கக்கூட முடியாது.

அயோடின், துத்தநாகம், வைட்டமின் ஈ, டி என்று உங்களாலும் என்னாலும் சமையலறையில் அளந்து போட முடியாத சங்கதிகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பாரத்தைச் சுமக்கத்தான் டின் பாதி. குட்டி, சினைப்பூனை, சிறுநீரகக் கோளாறு உள்ள கிழப்பூனை, இந்த மூன்று பேரிடமும் இந்தச் சிக்கனத்தைக் காட்டவே வேண்டாம். அவர்களுக்கு டாக்டர் சொன்னது மட்டும்.

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பூனைக்குத் தயிர் சாதம்தான். ஒன்று பதினைந்து வயது வரை இருந்தது. நீங்கள் என்னமோ கறி, இதயம் என்கிறீர்களே?
– மாடவீதி மாமி, மயிலாப்பூர்

மாமி, அது உங்கள் வீட்டில் தயிர் சாதம் சாப்பிட்டது. பின்கட்டில் என்ன சாப்பிட்டது என்று உங்களிடம் சொல்லவில்லை. எலி, பல்லி, அணில், மூன்றாவது வீட்டு மீன் தலை என்று அது தனியாக ஒரு குடும்பம் நடத்தியிருக்கும். இன்றைய பூனை எட்டாவது மாடியில், வலையடித்த பால்கனியில் இருக்கிறது. அதற்குப் பின்கட்டு கிடையாது. நீங்கள் வைப்பதுதான் அதன் உலகம்.

டாரின் என்றொரு சத்து உண்டு. இறைச்சியிலும் மீனிலும் நிறைய இருப்பது. அரிசியிலும் பருப்பிலும் கிடையாது. அது குறைந்தால் பூனைக்குக் கண் பார்வை போகும், இதயம் பலூனாக வீங்கித் துடிப்பு தளரும். இந்த இதய நோய்க்குக் காரணம் டாரின் குறைவுதான் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியோன் என்ற கால்நடை மருத்துவரும் அவரது சகாக்களும் கண்டுபிடித்தது 1987-ல். அதுவரை நல்ல கம்பெனி உணவு தின்ற பூனைகளே இப்படிச் செத்துக்கொண்டிருந்தன. அதன் பிறகுதான் கம்பெனிகள் டாரினைக் கூட்டிப் போட ஆரம்பித்தன.

நீங்கள் சைவமாகவே இருங்கள், யாரும் குறை சொல்லப்போவதில்லை. பூனைக்கு மட்டும் டின்னைத் திறந்து வைத்துவிட்டு, வேண்டுமானால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் இருக்கிறேன். சாளை மீன் சல்லிசு. பச்சையாகவே தினமும் போடலாமா?
– கடற்கரைக்காரன்

கொடுத்து வைத்தவர் நீங்கள். உங்கள் பூனை உங்களைவிட. ஆனால் பச்சையாகவும் வேண்டாம், தினமும் வேண்டாம். சாளை, நெத்திலி மாதிரி மீன்களில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐத் தின்றுவிடும். சில வாரம் போனால் பூனை தலையைத் தூக்க முடியாமல் தாடையை நெஞ்சோடு ஒட்டித் தொங்கவிடும், தள்ளாடும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி செத்துப்போகும்.

குடலை எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, உப்பு, புளி, மிளகாய் எதுவும் இல்லாமல் குக்கரில் நன்றாகக் குழைய விடுங்கள். சாளை முள் விரலால் நசுக்கினால் மாவாகும். அந்த நாளில் முட்டை ஓட்டுப் பொடியும் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். எண்ணெய் மீனையே எந்நேரமும் தின்கிற பூனைக்கு வைட்டமின் ஈ தீர்ந்து, உடம்புக் கொழுப்பு மஞ்சளாகி வீங்கித் தொட்டாலே அலறும்.

கருவாட்டைப் பற்றி நீங்கள் கேட்காமலே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அது உப்பு மூட்டை.

குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போட்டால்?
– தூத்துக்குடிக்காரரின் மனைவி

வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்பில் ஊறிய மீனைக் கழுவினால் சுத்தமாவது உங்கள் மனசாட்சி மட்டும். மசாலா போடுமுன் இரண்டு துண்டு எடுத்து வையுங்கள்.

பச்சைக் கறிதான் இயற்கை. அமெரிக்காவில் பூனைகளை வைத்து ஆராய்ச்சி செய்தே நிரூபித்துவிட்டார்களாமே?
– இயற்கை விரும்பி, ஈரோடு

பாட்டன்ஜர் என்ற டாக்டரைச் சொல்கிறீர்கள். 1932 முதல் பத்தாண்டு நடந்த சோதனை. பச்சை இறைச்சி தின்ற பூனைகள் நன்றாக இருந்தன, வேகவைத்தது தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நசிந்தன. உண்மைதான். ஆனால் பூனைக்கு டாரின் இன்றியமையாதது என்று அப்போது யாருக்கும் தெரியாது. வேகவைக்கும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். இறங்கினதை யாரும் திரும்பக் கொடுக்கவில்லை என்றால் பூனை நசியாமல் என்ன செய்யும்? இன்று டின்னுக்குள் வேகவைத்த பிறகும் போதுமான அளவு இருக்கும்படி டாரின் சேர்க்கிறார்கள். உங்கள் அடுப்பில் வேகும் கறிக்கு வழி இன்னும் எளிது: கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் கறியோடு ஊற்றுங்கள்.

நெஞ்சுக்கறியைவிடத் தொடையில் டாரின் அதிகம். ஓயாமல் உழைக்கிற இதயத்தில் அதையும்விட அதிகம். மலிவானதே உசத்தியாக இருக்கும் அபூர்வமான இடம் இது.

நீங்கள் பச்சைக்கு எதிரியா? நேராகச் சொல்லுங்கள்.
– அதே இயற்கை விரும்பி, கோபத்துடன்

கடையில் பச்சையாக வாங்குங்கள், வீட்டில் ஒரு கொதி விடுங்கள் என்கிற கட்சி நான். 2024 டிசம்பரில் நாகபுரிக்கு அருகே கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சலில் செத்தன. அங்கே அவை வேட்டையாடவில்லை, கூண்டில் போட்டதைத்தான் தின்றன. அதே மாதம் அமெரிக்காவில் பச்சை வான்கோழி உணவு தின்ற வீட்டுப் பூனை ஒன்று அதே காய்ச்சலில் இறந்தது. அந்த உணவைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள். புலிக்கே தாங்கவில்லை, உங்கள் வீட்டு மீனு எம்மாத்திரம்?

ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நன்றாக உறைய வைத்தால் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி சாகும். சால்மொனெல்லாவும் பறவைக் காய்ச்சல் கிருமியும் ஃப்ரீசருக்குள் தூங்கும், அவ்வளவுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் பச்சைதான் என்றால் உங்கள் இஷ்டம். அறுத்த கறி அன்றே வீட்டுக்கு வரட்டும். தட்டில் வைத்து இருபது நிமிடத்தில் தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள், நம் ஊர் வெயில் ஐரோப்பிய வெயில் இல்லை. கட்டிங் போர்டு தனியாக இருக்கட்டும். கைக்குழந்தை, கர்ப்பிணி, புற்றுநோய் மருந்து எடுப்பவர் யாராவது வீட்டில் இருந்தால் பச்சைப் பேச்சே வேண்டாம்.

பூனைக்குக் கறி வாங்குவதெல்லாம் பணக்காரத் திமிர் இல்லையா?
– சிக்கனம் சின்னப்பா, சிவகாசி

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் தெருத்தெருவாகப் பூனைக்கறிக்காரர் வருவார். கிழட்டுக் குதிரை இறைச்சியைக் குச்சியில் குத்தித் தள்ளுவண்டியில் விற்பது அவர் தொழில். வாடிக்கையாளர்களில் ஏழைகளும் உண்டு. ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகைக்காரர் லண்டன் ஏழைகளைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தில் இவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். இன்னொன்று, அந்தக் கறி வேகவைத்தே விற்பனைக்கு வந்தது. ஈரோட்டுக்காரர் கவனிக்கவும்.

சிக்கன் கடையில் கழுத்தும் காலும் சும்மாவே தருகிறார்கள். கொண்டுவந்து வேகவைத்துப் போடவா?
– ஓசி ஓமனா, நாகர்கோவில்

கழுத்தில் சதையைப் பிய்த்துப் போடுங்கள், எலும்பை வீசிவிடுங்கள். வெந்த எலும்பு ஊசியாக உடையும், குடலில் குத்தினால் ஆபரேஷன். மிச்சம் பிடித்த காசெல்லாம் ஒரே நாளில் டாக்டருக்குப் போய்ச் சேரும்.

ஜெல்லியில் மிதக்கும் டூனா பவுச் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. மொத்தமாக வாங்கிவிட்டேன். சரிதானே?
– ஆஃபர் ஆறுமுகம், ஆவடி

உறையைத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பொடி எழுத்தைப் படியுங்கள். ‘கம்ப்ளீட்’ என்றிருந்தால் அது முழுச் சாப்பாடு. ‘காம்ப்ளிமென்டரி’ என்றோ ‘ட்ரீட்’ என்றோ இருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும். ருசியாக இருக்கும், சத்து சரிக்கட்டியிருக்காது. உங்களுடையது இரண்டாவது ரகமாக இருந்தால் ஒரு வருஷத்துக்கு ஊறுகாய் வாங்கிவிட்டீர்கள். நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதைக் கொடுக்காதீர்கள். மனிதர்களுக்கான டூனா டின்னுக்கும் இதே சட்டம்.

டாக் ஃபுட் இன்னும் மலிவு...
– ஆஃபர் ஆறுமுகம், மறுபடியும்

வேண்டாம் ஆறுமுகம். நாய் தன் டாரினைப் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்ளும் பிராணி. நாய்க்குச் செய்த உணவு பூனைக்குப் பற்றாது.

கலந்து வைத்தால் டின்னை மட்டும் நக்கிவிட்டுக் கறியை ஒதுக்குகிறது. இரண்டு நாள் பட்டினி போட்டால் வழிக்கு வருமா?
– கறார் கமலா, கோயம்புத்தூர்

வராது, ஆஸ்பத்திரிக்கு வரும். பூனை, அதுவும் குண்டுப்பூனை, இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து குவிந்து உயிருக்கே ஆபத்தாகும். உண்ணாவிரதத்தில் பூனையை ஜெயித்தவர் கிடையாது.

தந்திரம்தான் வழி. முதல் நாள் டின் உணவில் அரை ஸ்பூன் அரைத்த கறி. தெரியாத மாதிரி. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை ஸ்பூன் கூட்டுங்கள். மோப்பம் பிடித்து முறைத்தால் பழைய அளவுக்கே இறங்குங்கள், மானம் பார்க்காதீர்கள். முக்கியமான விஷயம் சூடு: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சில்லென்று வைத்தால் எந்தப் பூனையும் தொடாது. சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் ஐந்து நிமிடம் வைத்து, இப்போதுதான் பிடித்த எலியின் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மணம் கிளம்பினால் வேலை பாதி முடிந்தது.

திறந்த டின்னை எத்தனை நாள் வைக்கலாம்?
– ஒற்றைப் பூனைக்காரி, உதகை

மூடிபோட்ட டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு, மூன்று நாள். உதகைக் குளிரை நம்பி வெளியே வைக்காதீர்கள்.

என் பூனை ஐஸ்கிரீமுக்குச் சாகிறது. இனிப்புப் பிரியமோ?
– ஜிகர்தண்டா, மதுரை

இனிப்பை உணரும் மரபணு பூனைக்குச் செயல்படுவதே இல்லை என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். ஐஸ்கிரீமில் அதை இழுப்பது கொழுப்புதான். பாலிலுள்ள லாக்டோஸ் பெரும்பாலான பூனைகளுக்குச் செரிக்காது, மறுநாள் துடைப்பது நீங்கள்தான்.

எனக்கு ரசம் சாதம், பூனைக்குக் கோழித்தொடையும் டின்னும். கேட்டால் ‘அதற்கு டாரின் வேணும்’ என்கிறாள் மனைவி. எனக்கு வேண்டாமா?
– இரண்டாம் இடம், இராயப்பேட்டை

வேண்டும். ஆனால் ரசம் சாதத்தோடு கொஞ்சம் பருப்பும் தயிரும் இறங்கினாலே அதிலிருந்து உங்கள் உடம்பு தனக்கு வேண்டிய டாரினைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதுமான அளவு முடியாது. வீட்டம்மா உங்கள் திறமையை நம்பித்தான் ரசத்தோடு நிறுத்தியிருக்கிறார். மெனுவை மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரு எலியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சமையலறை வாசலில் வைத்துப் பாருங்கள்.