கேட்டு அமைகிறேன்

காலை ஆறு மணிக்குப் பின்வரிசையார் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது செருப்பு. ஓமந்தூரார் தோட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர் விடுதியில், அவர் அறை வாசலில், ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிய தொகுதிக்காரர்களின் செருப்புகள். ஒருவருக்கு இடமாறுதல் வேண்டும். ஒருவருக்குப் பேரனுக்குக் கல்லூரியில் இடம் வேண்டும். ஒருவர் காதுகுத்துப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறார். மூலையில் நிற்கும் இருவருக்கு எதுவுமே வேண்டாம். சட்டசபையை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும்.

"பாஸ் மட்டும் வாங்கிக் குடுங்க அண்ணாச்சி. நீங்க பேசுதத நேர்ல பாக்கணும்."

பின்வரிசையாருக்கு வயிறு கலங்குவது இந்த இடத்தில்தான்.

இவர் ஒரு தனி ஆள் அல்ல, ஓர் இனம். தமிழ்நாடு சட்டப்பேரவையில் 234 இருக்கைகள். முன்வரிசையில் இருப்பவர்களின் முகம் ஊருக்கெல்லாம் தெரியும். அவர்களுக்குப் பின்னால், அடுக்கடுக்காக, வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருப்பவர்களில் இவரும் ஒருவர். தேர்தலுக்குத் தேர்தல் வேட்டிக் கரையின் நிறம் மாறும். சட்டைப்பையில் தெரியும் தலைவர் படம் மாறும். பின்வரிசையார் மட்டும் அப்படியே இருப்பார். ஊரில் அவர் வண்டி வந்தால் நாலு தெரு நிமிரும்; கோட்டைக்குள் நுழைந்தால், புதிதாகச் சேர்ந்த காவலர் ஒருவராவது "நீங்க யாரைப் பாக்கணும் சார்?" என்று கேட்டுவிடுவார்.

விடுதியிலிருந்து கோட்டைக்குப் புறப்படும் வழியில் அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்ட வேண்டும். அது அவருக்காகவே கட்டிய கட்டடம். 2010 மார்ச்சில் புதிய தலைமைச் செயலகமும் சட்டப்பேரவையுமாகத் திறக்கப்பட்டது. 2011-இல் ஆட்சி மாறியதும் அவை பழையபடி புனித ஜார்ஜ் கோட்டைக்கே போய்விட்டது; கட்டடம் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை ஆகிவிட்டது. இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1952-இல் சென்னை ராஜ்யத்துக்கு 375 உறுப்பினர்கள். கோட்டையில் இடம் போதாமல் இதே தோட்டத்தில் ஒரு மண்டபம் எழுப்பினார்கள். மாநிலங்கள் பிரிந்து தலை குறைந்ததும் அவை கோட்டைக்குத் திரும்பிற்று. மண்டபம் பாலர் அரங்கமாகி, பிறகு கலைவாணர் அரங்கமாயிற்று. ஆக, எம்.எல்.ஏ.க்களுக்கென்று கட்டியவற்றில் ஒன்று நாடக அரங்கு, இன்னொன்று ஆஸ்பத்திரி. கொரோனாக் காலத்தில் இடைவெளி விட்டு உட்காரக் கலைவாணர் அரங்கத்தில் அவை கூடியபோதுதான் பின்வரிசையாருக்கு இரண்டு முழங்கையையும் ஒரே சமயத்தில் மேசைமேல் வைக்க வாய்த்தது. நோய் ஓய்ந்தது, கோட்டை வந்தது, முழங்கை பழையபடி மடிக்குப் போயிற்று.

மணி அடிக்கிறது. பேரவைத் தலைவர் வருகிறார். எல்லாரும் எழுந்து வணங்கி அமர்கிறார்கள். தலைவர் ஒரு குறளைப் படித்து, பொருளும் சொல்கிறார். பின்வரிசையார் தலையை ஆட்டுகிறார். அரசாட்சி பற்றிய குறளுக்கும் புலால் மறுத்தல் குறளுக்கும் ஒரே ஆட்டம்தான்.

அடுத்தது கேள்வி நேரம். பின்வரிசையாரின் கேள்வி எப்போது எழுதிக் கொடுத்ததென்று அவருக்கே மறந்துபோயிருக்கும். வாசகம் மட்டும் மறக்காது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பாலமானாலும் பள்ளிக்கூடமானாலும் கேள்வி ஒரே இடத்தில்தான் போய் முட்டும்: "அரசு ஆவன செய்யுமா?" அவர் கேட்டிருப்பது ஒரு தரைப்பாலத்தைப் பற்றி. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் தண்ணீர் வந்தால் பாலம் மூழ்கும். அக்கரைக்காரர்களுக்கு ஏழெட்டு மைல் சுற்று. அதை உயர்மட்டப் பாலமாக்க வேண்டும். நியாயமான கேள்வி. அவருக்கு முன்னால் இருந்தவரும் கேட்டது. அவருக்கும் முன்னால் இருந்தவரும் கேட்டது.

அமைச்சர் பதிலைப் படிக்கிறார். இங்கேதான் பின்வரிசையாரின் புலமை வெளிப்படும். சோதிடர் கட்டத்தைப் பார்ப்பதுபோல அவர் பதிலின் கடைசிச் சொல்லைப் பார்ப்பார். "கருத்துரு ஏதும் இல்லை" என்றால் கதவு சாத்தியாயிற்று. "ஆய்வில் உள்ளது" என்றால் எங்கோ ஒரு மேசையில் கோப்பு தூங்குகிறது, எழுப்பலாம். "நிதிநிலைமைக்கேற்ப முன்னுரிமை அடிப்படையில் பரிசீலிக்கப்படும்" என்றால் இந்தக் கார்த்திகைக்கு இல்லை, அடுத்த கார்த்திகைக்கும் அநேகமாக இல்லை. "ஆவன செய்யப்படும்" என்று வந்துவிட்டால் ஊரில் பேனர் கட்டலாம். இப்படி அவையில் வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு நினைவூட்டவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒரு குழு இருக்கிறது. பின்வரிசையார் போன ஆண்டு அதில் உறுப்பினர். அவர் தொகுதிக்குக் கொடுத்த உறுதிமொழி எதுவும் அதன் பட்டியலில் இல்லை. அந்த அளவுக்குக்கூட யாரும் அவருக்கு வாக்குக் கொடுத்ததில்லை.

இன்றைய பதில் நிதிநிலைமை ரகம். துணைக்கேள்வி கேட்க அவர் எழுகிறார்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே..." இந்த அவையில் யாரும் யாரோடும் நேராகப் பேச முடியாது. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அமைச்சரிடம் ஒரு பாலம் கேட்க வேண்டுமானாலும் தலைவர் வழியாகத்தான் போக வேண்டும். சம்பந்தி வீட்டுச் சண்டையில் நடுவே ஒரு மாமாவை உட்கார வைத்துப் பேசுவார்களே, அந்த மாதிரி. அமைச்சருக்கு நன்றி, அமைச்சர் முன்பு செய்த ஒரு சாலைக்கு நன்றி, அந்தச் சாலையைத் திறக்க வந்தபோது பெய்த மழைக்கும் நன்றி என்று அவர் போகும்போது தலைவர் குரல் வருகிறது: "கேள்விக்கு வாங்க."

"இதோ வந்துட்டேன் தலைவர் அவர்களே. எனது தொகுதிக்கு உட்பட்ட அந்தத் தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாக மாற்ற அரசு முன்வருமா என்பதை மாண்புமிகு அமைச்சர் அவர்களைத் தங்கள் வாயிலாகக் கேட்டு அமைகிறேன்."

'கேட்டு அமைகிறேன்' என்பது இந்த அவையில் மட்டும் விளையும் பயிர். தமிழர் வேறெங்கும் இப்படி உட்காருவதில்லை. கல்யாணப் பந்தியில் ரசம் கேட்டுவிட்டு எவரும் அமைவதில்லை.

அவர் அமைவதற்குள் பத்துக் கைகள் உயர்ந்துவிடும். ஒருவர் பாலம் கேட்டால் போதும், தமிழ்நாட்டின் ஆறுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் பெருக்கெடுக்கும். "எனது தொகுதியிலும்" என்று ஒருவர். "மாவட்டத் தலைநகரான எனது தொகுதியில்" என்று இன்னொருவர். ஆறே இல்லாத தொகுதிக்காரர் ரயில்வே மேம்பாலம் கேட்பார். பின்வரிசையாரின் பாலம் இந்த வெள்ளத்தில் முதலில் மூழ்கும்.

2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. அதற்குப் பிறகு பின்வரிசையார் வாழ்க்கையில் ஒழுங்கு வந்துவிட்டது. சட்டை தினமும் புதிது. மீசையில் மை. பேசும் அமைச்சரின் தோளுக்குப் பின்னால் எந்த இருக்கை காமிராவில் விழும் என்பதைக் கணக்குப்போட்டு வைத்திருக்கிறார். அந்த இடத்தில் உட்கார்ந்தால் சிந்தனை தோய்ந்த முகம் வேண்டும். அதைக் கண்ணாடி முன் பழகியிருக்கிறார். ஒரு மணி நேரம் ஒரே முகத்தோடு சிந்திப்பது சுலபமில்லை.

கேள்வி நேரம் முடிந்தால் நேரமில்லா நேரம். இதில் எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பங்காளிதான் கதாநாயகன். அவரும் ஒரு பின்வரிசையார்தான்; கரை மட்டும் வேறு. அவருக்கு இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று வெளிநடப்பு. எழுந்து, முழங்கி, வெளியே போய், அங்கே காத்திருக்கும் மைக் கூட்டத்துக்கு முன் கட்சித் தலைவர் பேசும்போது பின்னால் நின்று, டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். இன்னொன்று, அவைக் குறிப்பிலிருந்து நீக்கம். "அந்த வார்த்தையை நீக்குகிறேன்" என்று தலைவர் சொல்லிவிட்டால் அன்று மாலை அந்த வார்த்தை என்ன என்று நாடே கேட்கும். பின்வரிசையார் இரண்டரை வருஷமாகப் பேசியதில் ஒரு சொல்கூட நீக்கப்பட்டதில்லை. அதில் அவருக்கு உள்ளூர ஒரு வருத்தம்.

டிவியில் திரும்பத் திரும்பக் காட்டும் நாள்கள் வேறு. 2017 பிப்ரவரி 18-இல் நம்பிக்கை கோரும் தீர்மானம் 122-க்கு 11 என்று நிறைவேறியதே, அன்று மைக்குகள் உடைந்தன. தம் சட்டை கிழிக்கப்பட்டதாகப் பேரவைத் தலைவரே சொன்னார். மாடத்தில் உட்கார்ந்திருக்கும் தொகுதிக்காரர்கள் இருவரும் அந்த மாதிரி ஏதாவது நடக்கும் என்று நம்பித்தான் வந்திருக்கிறார்கள். கீழே பத்திரப்பதிவு அலுவலகத்துக்குச் சொந்தக் கட்டடம் வேண்டுமா என்று பேச்சு நடக்கிறது. ஒருவர் தூங்கிவிட்டார். காவலர் வந்து தோளைத் தொடுகிறார்.

சில நாள் விதி 110 வரும். அமைச்சர் ஒருவர் பொது முக்கியத்துவம் வாய்ந்த அறிக்கையைப் படிக்கலாம், அதன்மேல் விவாதம் கிடையாது என்பது விதி. 2011-க்குப் பிறகு ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது இது பஸ் நம்பர் மாதிரி எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அறிக்கையில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும்போது பின்வரிசையாரைப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பேப்பரில் நம்பர் தேடும் பையன்தான். பக்கத்துத் தொகுதி வந்துவிட்டது. அடுத்த பக்கத்துத் தொகுதியும் வந்துவிட்டது. 'உள்ளிட்ட' என்று ஒரு சொல் வந்து பட்டியல் முடிகிறது. அந்த 'உள்ளிட்ட'வுக்குள் தாம் இருக்கிறோம் என்று நம்பி அவர் மேசையைத் தட்டுகிறார்.

மேசை தட்டுவதில் அவருக்குத் தேர்ச்சி உண்டு. அமைச்சருக்கு விரல் நுனி. மூத்த அமைச்சருக்கு உள்ளங்கை. முதல்வர் பெயர் வந்தால் இரண்டு கையும். எதிர்க்கட்சித் தலைவர் நல்ல நகைச்சுவை சொன்னால் மேசைக்கு அடியில் ஒரே ஒரு தட்டு.

மானியக் கோரிக்கைமேல் பேச அவருக்கு இன்று வாய்ப்பு. எட்டு நிமிடம் என்று கொறடா சொன்னார். வரிசை நீண்டு அது ஐந்தாகிவிட்டது. கையில் பன்னிரண்டு பக்கம். முதல் மூன்று பக்கம் தலைவர்களுக்கு வணக்கம், அடுத்த இரண்டு பக்கம் இன்றைய தலைவருக்கு, அதற்கடுத்தது தம்மைத் தேர்ந்தெடுத்த வாக்காளப் பெருமக்களுக்கு. இது எந்தக் கட்சிக்கும் பொது. 2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க.ஸ்டாலினே அவையில் எழுந்து, தம்மைப் புகழ்ந்து நேரத்தை வீணாக்கினால் நடவடிக்கை எடுப்பேன் என்று தம் கட்சி உறுப்பினர்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. பின்வரிசையார் அன்றிரவெல்லாம் தூங்கவில்லை. புகழாமல் பேச்சை எப்படித் தொடங்குவது? யோசித்து ஒரு வழி கண்டார்: "என்னைப் புகழாதீர்கள் என்று சொன்ன பெருந்தன்மைக்கு..."

அவர் நான்காம் பக்கத்தில் இருக்கும்போது மணி அடிக்கிறது. "முடிங்க." பாலம் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. தாவுகிறார். தாவும்போது பத்தாம் பக்கம் வந்துவிடுகிறது. அங்கே இருப்பது கால்நடை மருந்தகம். கால்நடை மருந்தகத்தைக் கேட்டு அமைகிறார்.

எதிர்வரிசைப் பங்காளி வெட்டுத் தீர்மானம் கொடுத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான கோடி மானியத்தில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்பது அதன் வாசகம். குறையைச் சொல்ல அதுதான் முறை. நூறு ரூபாயை வெட்டச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் தம் ஊருக்கு ஐம்பது கோடிக்குப் புறவழிச்சாலை கேட்பார். கடைசியில் தீர்மானத்தைத் திரும்பப் பெறுவார், அல்லது அது தோற்கும். நூறு ரூபாய் பத்திரமாக இருக்கும்.

பிறகு சட்ட முன்வடிவுகள். "ஏற்போர் 'ஆம்' என்க... மறுப்போர் 'இல்லை' என்க..." பிரிவு 2-இலிருந்து தொடங்கிக் கடைசிவரை போய், அப்புறம் திரும்பி வந்து பிரிவு 1, பெயர் என்று முடிப்பார்கள். குழந்தைக்குக் கை கால் எல்லாம் வைத்துவிட்டுக் கடைசியில் பெயர் சூட்டுவது. பின்வரிசையார் 'ஆம்' சொல்வதில் ஒருநாளும் பிசகியதில்லை. ஒருமுறை மட்டும், கைப்பேசியில் ஊர்க்காரர் போட்ட காதுகுத்துப் படத்தைப் பார்த்தபடி, 'இல்லை'க்கும் சேர்த்து 'ஆம்' சொன்னார். கொறடா திரும்பிப் பார்த்தார். அவைக்குக் குறைந்தபட்சம் 24 பேர் இருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டக் கணக்கு. அந்த எண்ணிக்கை குறையாமல் காப்பவர் இவர்தான். மதியத்துக்கு மேல் எண்ணிப் பார்த்தால் தெரியும்.

சுருக்கெழுத்தாளர்கள் எழுதிய பேச்சு திருத்தத்துக்கு வருகிறது. எழுத்தில் அவர் பேச்சு அழகாக இருக்கிறது. திக்கல் இல்லை, 'வந்து' இல்லை. தலைவருக்கு வணக்கம் சொன்ன இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'மேசையைத் தட்டும் ஒலி' என்று இருக்கிறது. கால்நடை மருந்தகம் வந்த இடத்தில் ஒலி எதுவும் இல்லை.

மாலை ஆறு மணி. அறை வாசலில் மறுபடி செருப்பு. மாடத்துக்குப் போன இருவரும் வந்து நிற்கிறார்கள். "நல்லா இருந்துது அண்ணாச்சி. ஏ.சி. நல்லா இருந்துது."

கைப்பேசி அடிக்கிறது. ஊரிலிருந்து பிளெக்ஸ் கடைக்காரர். கேள்வி நேரத்தை டிவியில் பார்த்துவிட்டுக் கிளைச் செயலாளர் பத்துக்குப் பதினைந்தில் ஆர்டர் கொடுத்துவிட்டாராம். படம் வைத்தாயிற்று, வாசகம்தான் பாக்கி. உதவியாளர் வாங்கிப் பேசுகிறார்.

"பாலம் தந்த பாரியே வருகன்னு போடவா சார்?"

உதவியாளர் பின்வரிசையாரைப் பார்க்கிறார். பின்வரிசையார் அமைச்சர் சொன்ன கடைசிச் சொல்லை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார்.

"தந்த வேண்டாம்டே. கேட்டன்னு போடச் சொல்லு."