கடற்காற்றும் பீடிப்புகையும்

கேள்வி: ராமேசுவரம் பேருந்து நிலையத்தில் கடற்காற்று ஓயாமல் வீசுகையில், அங்கே பீடி பிடிப்பவருக்கு அபராதம் விதிப்பது நியாயமா?

பதில்: கடற்காற்றுக்குப் புகையை அள்ளிச் செல்லத் தெரியும், யார் மூக்கில் இறக்குவது என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் அதற்கு இல்லை. புகைப்பவர் ஊதிவிடும் புகையோடு, பீடியின் எரிமுனையிலிருந்து தானே எழும் பக்கப்புகையும் கலந்ததே பிறரைத் தாக்கும் புகை எனப்படுகிறது. குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரிவதால் பக்கப்புகையில் நச்சுப்பொருள்கள் செறிந்திருக்கும். புகையிலைப் புகையிலுள்ள 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களில் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்க வல்லவை. பீடி பிடிப்பவருக்கு அதனால் கிடைக்கும் சுகமாவது உண்டு. பக்கத்தில் கைக்குழந்தையோடு பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு இருமல் மட்டுமே மிச்சம். ஆகவேதான், 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டத்தின்கீழ் 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள், கூரையுள்ள கட்டடங்களோடு நில்லாமல் பேருந்து நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் பொது இடமாகக் கொண்டு, 200 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கின்றன. நடுக்கடலில் படகில் புகைப்பவருக்கு அபராத ரசீது எழுத எவரும் வருவதில்லை என்பது உண்மையே. ஆயினும் பாம்பன் விசைப்படகின் அடைத்த கேபினில், டீசல் நெடிக்கு நடுவே ஒருவர் பற்றவைக்கும் பீடியை உடனிருப்போர் அனைவரும் காசில்லாமல் பங்கிட்டுக்கொள்கின்றனர். அபராதம் நியாயமே, 200 ரூபாய் என்பதுதான் மலிவு.