டைமருக்குத் தெரியும், தண்ணீருக்குத் தெரியாது

ஏப்ரல் மாதச் சென்னை வெயிலில், மொட்டைமாடிக் கத்தரிச் செடி ஒரு நாள் தண்ணீர் காணாவிட்டால் மறுநாள் தலை தொங்கிவிடும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம்தான். ஊற்றிய தண்ணீருக்குக் கூலியாக வெண்டைக்காய் போய்விடும். மேற்கு மாம்பலத்து மாமா ஒருவர், வங்கியில் ஓய்வு பெற்றவர், சொட்டுநீர்ப் பாசனத்தில் இறங்கிய காரணம் இதுதான்.

16 மில்லிமீட்டர் கருப்புக் குழாய், செடிப் பைக்கு ஒன்றாக மணிக்கு 2 லிட்டர் விடும் டிரிப்பர், ஒரு டைமர், வாஷிங் மெஷினுக்குள் இருக்குமே அந்த மாதிரி ஒரு சோலினாய்டு வால்வு. தொட்டிதான் மாடியிலேயே இருக்கிறதே, மோட்டார் எதற்கு?

வட்டிக் கணக்கில் பைசா பிசகாத மாமா, உயரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஏறக்குறைய 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் 1 பார் அழுத்தம் தரும். ஒன்றரை மீட்டர் மேடைத் தொட்டி தருவது 0.15 பார். இந்த வகை வால்வுகளோ தண்ணீரின் அழுத்தத்தை நம்பியே திறப்பவை.

"ஏன்னா, தண்ணி வரதா?"

"சத்தம் வரது."

அடுத்து, ஸ்டூல் மேல் 50 லிட்டர் டிரம், அதற்குள் ஏர்கூலர் மோட்டார். 20 பை, கால் மணி நேரம், 10 லிட்டர். டைமர் சொன்ன நேரத்துக்கு மோட்டாரை நிறுத்தியது. தண்ணீர் நிற்கவில்லை! பைகள் டிரம்மைவிடத் தாழ்வாக இருந்ததால், குழாய் சைஃபனாகி டிரம்மைத் துடைத்து எடுத்துவிட்டது. மருந்து செலவில்லாதது: டிரம்முக்குள், நீர்மட்டத்துக்கு மேலே, குழாயில் ஒரு சின்னத் துளை. மோட்டார் ஓடும்போது அதில் கொஞ்சம் பீச்சி டிரம்மிலேயே விழும். நின்றதும் காற்று நுழைந்து சைஃபனை அறுத்துவிடும். இந்தத் துளைதான் மொத்த ஏற்பாட்டிலேயே புத்திசாலியான பாகம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அமெரிக்காவிலிருந்து மகன் ஈரப்பத சென்சார் யோசனை சொன்னான். மண்ணில் குத்தும் இரண்டு கம்பி, மலிவு ரகம். இடைவிடாமல் மின்சாரம் பாய்ந்தால் கம்பி அரித்துப்போகும். அரித்த கம்பி சொதசொதவென்ற மண்ணையும் 'காய்ந்திருக்கிறது' என்றே சொல்லும். சொன்னது. மோட்டாரும் நம்பி ஓடியது.

நல்லவேளை, டிரம்மில் இருந்தது அவ்வளவுதான். மறுபடியும் பெரிய தொட்டியில் இணைப்புக் கொடுக்கலாமா என்று மாமா கேட்டுக்கொண்டிருக்கிறார். மாமி இன்னும் சம்மதிக்கவில்லை.