உதறலியல்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் குறித்து ஓர் ஆராய்ச்சி

ஆட்டோமேட்டிக் வண்டியின் உதறலை மூவகையாகப் பகுக்கலாம். லீவரை 'பி'யிலிருந்து 'டி'க்குத் தள்ளியதும் முதுகில் ஒரு தட்டு விழுந்தால் அது வரவேற்பு உதறல். இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறும்போது எஞ்சின் ஒரு கணம் அலறிவிட்டு, பிறகு 'தொம்'மென்று பிடித்தால் தயக்க உதறல். சீரான வேகத்தில் போகையில், வேகத்தடைக் கோடுகள் மேல் டயர் ஏறினாற்போல் ஓரிரு விநாடி அதிர்ந்தால் நடுக்கம். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு மட்டும் தெரிகிற உதறலும் உண்டு. அது குடும்பவியல் சார்ந்தது என்பதால் இங்கே விலக்கப்படுகிறது.

காரணம் குறித்து உரையாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. பெட்ரோல் கலப்படம் என்பர் ஒரு சாரார், ரோடு சரியில்லை என்பர் மறுசாரார். கியர்பெட்டியைக் கழற்றிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் முதலில் சந்தேகிப்பது ஆயிலைத்தான்.

அந்தச் சிவப்பு ஆயிலுக்கு இட்ட வேலையே முரணானது. பல்சக்கரங்களை வழுக்க வைக்க வேண்டும்; கிளட்ச் தகடுகளை மட்டும் வழுக்காமல் பிடிக்கவிட வேண்டும். இந்த இரண்டையும் சமாளிக்கச் சேர்க்கும் ரசாயனங்கள் சூட்டில் மெல்ல மெல்லச் செத்துப்போகின்றன. ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தது ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெய். ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் 'ஹைட்ரா-மேட்டிக்' பெட்டியைக் கொண்டுவந்து அமெரிக்கர்களின் இடதுகாலுக்கு ஓய்வு கொடுத்தது. அடுத்து வந்த பல்லாண்டுகளில் அதற்காகத் தலையைக் கொடுத்தது திமிங்கலம். 1970இல் அமெரிக்கா அதை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் வேதியியலாளர்கள் மாற்றுத் தேடி ஓடினார்கள்.

இன்றைய பெட்டியில் ஒரு கம்ப்யூட்டரும் உட்கார்ந்திருக்கிறது. கிளட்ச் பிடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து, ஆயிலின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் சரிக்கட்டிக்கொண்டே வரும். ஆயிலின் முதுமையை ஆண்டுக்கணக்கில் மூடி மறைப்பதும் இதுதான். சரிக்கட்டும் எல்லை தீர்ந்த அன்று வண்டி உதறும். "நேத்துவரைக்கும் நல்லாத்தாங்க ஓடுச்சு" என்ற வாக்குமூலம் பட்டறைதோறும் பதிவாவதன் அறிவியல் அடிப்படை இதுவே.

ஆயிலை மாற்றவே வேண்டாம் என்றொரு மரபும் உண்டு. கார் கையேடுகள் பலவும் 'ஆயுளுக்கும் போதும்' என்கின்றன. டிப்ஸ்டிக்கையே எடுத்துவிட்டவர்களும் உண்டு. ஆனால் அத்தகைய கார்கள் பலவற்றுக்குப் பெட்டி செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டில் மாற்றச் சொல்கிறது. மூலநூலாசிரியர் ஒன்று சொல்ல, உரைகாரர் வேறு சொல்வது நமக்குப் புதிதல்ல.

மாற்றினால் பெட்டி போய்விடும் என்பது இன்னொரு கொள்கை. போனதைக் கண்ணால் கண்ட சாட்சிகளும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கியர் வழுக்கத் தொடங்கிய பிறகே பட்டறைக்குப் போனவர்கள்; தகடு தேய்ந்ததன் பழி புது ஆயில் மேல் விழுந்தது. எதிர்ச்சாட்சிக்கு அமெரிக்கா போகலாம். ஜெனரல் மோட்டார்ஸின் எட்டு கியர் பெட்டிகள் நடுங்கியபோது, பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சுகிறது என்று கண்டு, வேறு ஆயில் ஊற்றும்படி அந்த நிறுவனமே சுற்றறிக்கை விட்டது.

களஆய்வுக்கு ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பர் போதும். ஒரு சொட்டு விட்டால் நல்ல ஆயில் தெளிந்த சிவப்பாகப் பரவும். பழையது காப்பி நிறத்தில் நின்று கருகல் வாடை அடிக்கும். நடுவே கரும்பொடி தங்கினால் அது தகட்டின் அஸ்தி. அளவு பார்ப்பதற்கோ பஞ்சாங்கச் சுத்தம் வேண்டும்: இசட்.எஃப்.பின் ஆறு கியர் பெட்டியில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயிலின் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, நிரப்பும் துளையில் லேசாக வழிய வேண்டும்.

மாருதி செலிரியோ 2014இல் இந்தியாவில் அறிமுகப்படுத்திய ஏ.எம்.டி. வண்டிகளின் தலையாட்டல் இந்த ஆய்வில் சேராது. கிளட்சும் கியரும் தானாக இயங்கினாலும் அது அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ். ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச் திறந்து மூடுவதால் ஆடுகிறது. அதற்குச் சிவப்பு ஆயில் தேடி அலைவது வீண்செலவு. கியர் ஏறும் நேரத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே தூக்கினால் பாதி அடங்கும்.