மாடி போர்ஷனும் மாமி சட்டமும்

அபிராமபுரத்தில் மாடி போர்ஷனுக்குக் குடிவருகிறவனை ஆள்வது இரண்டு சட்டங்கள். ஒன்று, 2017-இல் சட்டமன்றம் இயற்றி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம். இன்னொன்று, ஓனர் மாமி வாசற்படியில் நின்று வாயாலேயே இயற்றி, அந்த நிமிஷமே அமலுக்குக் கொண்டுவந்தது. ராத்திரி பத்துக்கு கேட் பூட்டு. சுவரில் ஆணி கூடாது. முட்டை கூடவே கூடாது.

அட்வான்ஸ் என்றால் மூன்று மாத வாடகை என்பது அரசாங்கத்தின் கணக்கு. மாமியின் கணக்கு பத்து. சட்டத்தைச் செல்போனில் காட்டினேன். "அப்போ சட்டம் போட்டவாளாத்துலயே குடியிருக்கலாமே" என்றார். பணத்தை எண்ணி வைத்தேன்.

ரிப்பேர் விஷயத்தில் சட்டம் வெகு தெளிவு. சுவருக்கு வெள்ளையடிப்பது ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் எல்லாம் குடியிருப்பவர் தலையில். பாத் டப் ரிப்பேரும் அவர் செலவுதானாம். என் பாத்ரூமில் பக்கெட்டை வைத்தால் நான் வெளியே நிற்க வேண்டும் என்பதால் அந்தச் செலவு மிச்சம்.

குடியிருக்கும் வீட்டுக்குள் ஓனர் நுழைய 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும். மாமி கையில் ரசத்தோடு வருவார். சூடான ரசத்தை 24 மணி நேரம் வாசலில் நிறுத்தி வைக்க எந்தப் பிரிவிலும் வழியில்லை. கிண்ணத்தை நான் வாங்குவதற்குள் அவர் கண் நான்கு சுவரையும் தடவி, ஆணி இல்லை என்று உறுதி செய்துவிடும். போலீஸுக்கு வாரண்ட், மாமிக்கு ரசம்.

தண்ணீரை நிறுத்தக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. அது அமலுக்கு வந்த வருஷக் கோடையில் சென்னையின் ஏரிகளே வறண்டன. நிறுத்தத் தண்ணீர் இருந்தால்தானே? லாரி வந்ததும் மாடிக்கும் கீழுக்கும் சரிபாதியாகக் குடம் எண்ணிக் கொடுத்தவர் மாமிதான். அன்றைக்கு எனக்கு எந்தப் பிரிவும் ஞாபகம் வரவில்லை.

ஒப்பந்தத்தை மட்டும் எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய அவர் இசையவில்லை. "நமக்குள்ள எதுக்குப்பா பத்திரம்?" சரி, சட்டத்தையாவது படித்துக் காட்டுவோம் என்று ஆரம்பித்தேன். குடியிருப்பவர் உரிமைகள் வந்தபோது மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கெடு முடிந்தும் காலி செய்யாதவர் இரட்டிப்பு வாடகை தர வேண்டும் என்ற இடம் வந்தது. கீரைக்கட்டு கீழே போனது.

"அதை மட்டும் இன்னொரு தரம் படி."

மறுநாள் காலை முத்திரைத்தாளோடு வந்தார். ரசம் இல்லை.