பதுளையில் பதவி உயர்வு

இலங்கையில் ஒரு பாடசாலைக்கு அதிபராக வேண்டுமா? படித்திருக்க வேண்டும். அதிபர் சேவைப் போட்டிப் பரீட்சையில் தேற வேண்டும். நேர்முகத்துக்குப் போக வேண்டும். தரம் 3, தரம் 2, தரம் 1 என்று ஏறி முடிப்பதற்குள் தலை நரைத்துவிடும். மாகாணக் கல்வி அமைச்சராக இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சத்தியப்பிரமாணம் போதும்.

இந்த இரண்டு உத்தியோகங்களும் 2018 ஜனவரியில் நேருக்கு நேர் சந்தித்தன. ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும்படி ஊவா மாகாண முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்கவின் சிபாரிசுக் கடிதம் பதுளை தமிழ் மகளிர் மகா வித்தியாலயத்துக்குப் போகிறது. கல்வி அமைச்சரும் அவரேதான். அதிபர் மறுக்கிறார். முதலமைச்சரின் உத்தியோகபூர்வ இல்லத்துக்கு அழைக்கப்படுகிறார். அங்கே தன்னை முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்க வைத்தார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. முதலில் அதிபரே அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். பிறகு, அப்படிச் சொல்லும்படி தனக்கு நெருக்குதல் வந்ததாகச் சொன்னார். மண்டியிட்டதையே மறுக்கும்படி ஒரு மண்டியிடல்!

நாட்டுக்கு 1945இல் இலவசக் கல்வி வந்தது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ஒற்றை அறை, ஒற்றை வாத்தியார், துரை மனம் வைத்தால் கூரை. இத்தனையும் தாண்டி ஒரு தமிழ்ப் பெண் பதுளை நகரில் அதிபர் நாற்காலியில் உட்கார்ந்தால், அந்த நாற்காலியின் உயரத்தை ஒரு கடிதம் தீர்மானிக்கிறது. துரைமார் போய்விட்டார்கள் என்று யார் சொன்னது?

   நம்முடைய அதிபருக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். நிம்மதியாக ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்க முடிந்தால் போதும்.

விசாரணை வந்தது. முதலமைச்சர் கல்வி அமைச்சைக் கைவிட்டார். கைதானார். அன்றே பிணையில் வந்தார். சாதாரண மனிதனாக இருந்தால் அத்தோடு சேவைப் புத்தகம் மூடப்படும். இவருக்கு அப்போதுதான் திறந்தது. 2020இல் பாராளுமன்றம். 2022இல் இராஜாங்க அமைச்சர். 2024இல் சின்னம் மாறியது, ஆசனம் மாறவில்லை.

2025 மார்ச்சில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு அவரைக் கைது செய்தது. அவர் முதலமைச்சராக இருந்தபோது பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுக்கவென்று அரச வங்கிகளிடம் பணம் கேட்டாராம். ஒரு வங்கி மறுத்ததாம். அந்த வங்கியில் இருந்த மாகாண சபையின் நிலையான வைப்பைத் தவணைக்கு முன்பே மீளப்பெற்றாராம். அதனால் நட்டம் 1 கோடியே 73 இலட்சம் ரூபாய் என்கிறது வழக்கு. குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். கணக்கை நாம் போடலாம். 2016 கூட்டு ஒப்பந்தப்படி கொழுந்து பறிக்கிறவளின் நாட்சம்பளம் எல்லாம் சேர்த்து 730 ரூபாயாக இருந்தது. வருடத்துக்கு 300 நாள் பேர் விழுந்தாலும் அந்தத் தொகையைச் சம்பாதிக்க அவளுக்கு 79 வருடம் பிடித்திருக்கும். அட்டைக்கடி தனி.

கடிதத்துக்கு இல்லை என்று சொன்ன அதிபர். பணத்துக்கு இல்லை என்று சொன்ன வங்கி. ஒன்றுக்கு முழங்கால் என்கிறார்கள், மற்றதற்கு வைப்பு மீளப்பெறல் என்கிறார்கள். இந்த மாகாணத்தில் "இல்லை" என்ற சொல்லுக்கு இவ்வளவு விலை.

ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே வைக்கவில்லை. ஆகவே கடிதம் எழுத இப்போது முதலமைச்சர் இல்லை. பாராளுமன்றத்தில் மட்டும் நாம் வாக்குப் போட்டு அனுப்பிய முன்னாள் முதலமைச்சர் இருக்கிறார். பாடசாலையில் சேர வயது, வதிவிடம், புள்ளி எல்லாம் பார்க்கிறார்கள். பாராளுமன்றத்தில் சேர அவரிடம் நாம் அப்படி ஒன்றும் கேட்கவில்லை.