நான்கு சட்டை போட்டவனின் மனு

பெறுநர்: சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், ஐக்கிய இராச்சியம்.

பொருள்: பயணிகளாகிய எங்களை எங்களிடமிருந்தே காப்பாற்றித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

ஜூலை வெயிலில், லண்டன் என்று பெயர் வைத்துக்கொண்டு லண்டனுக்கு வெகு தூரத்தில் இருக்கும் விமான நிலையம் ஒன்றில், நான்கு சட்டைக்கு மேல் குளிர்காலக் கோட்டும் மாட்டிக்கொண்டு ஸ்பெயினின் மலாகாவுக்குப் போகும் வரிசையில் நின்றவன் நான்தான். கோட்டின் வலப்பக்கம் செருப்பில் ஒன்று, இடப்பக்கம் அதன் ஜோடி. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தலையணை உறைக்குள் துணியைத் திணித்து வைத்துக்கொண்டு, அது தலையணைதான் என்று சாதித்துக்கொண்டிருந்தார். வாசலில் பை அளக்கும் இரும்புச் சட்டம். என் பை இறங்க மறுத்தது. முழங்காலால் ஓர் அழுத்து அழுத்தினேன், இறங்கிவிட்டது. வெளியே எடுக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மிச்சம் பிடித்த நாற்பது பவுண்டைப் பற்றிப் பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையடித்தேன். அவர் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். ஐந்து சட்டை!

விமான நிறுவனங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 1995 நவம்பரில் ஈஸிஜெட் லூட்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு 29 பவுண்டில் பறக்கத் தொடங்கியபோது, ஒரு ஜீன்ஸ் விலைக்குப் பயணம் என்று விளம்பரம் செய்தது. விலை ஒன்றை மட்டுமே பார்க்க நாங்கள் அன்று பழகியவர்கள். பிறகு சாப்பாடு போயிற்று, பெட்டி போயிற்று, பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் உரிமையும் போயிற்று. ஒவ்வொன்றும் தனி விலையோடு திரும்பி வந்தது. கழிப்பறைக்கும் ஒரு பவுண்டு வாங்கலாமா என்று 2009-இல் ரயன்ஏர் தலைவர் மைக்கேல் ஓலியரி வாய்விட்டு யோசித்தார். நாடே கொதித்தது, கொதித்தபடியே டிக்கெட் வாங்கியது. இன்று அந்த நிறுவனத்தின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இத்தகைய உபரிக் கட்டணங்கள்தான்.

பெரிய பையைப் பிடித்துக் கொடுக்கும் ஊழியருக்கு அங்கே சன்மானமும் உண்டு. பைக்கு ஒன்றரை யூரோவாக இருந்தது, 2025 நவம்பரில் இரண்டரை ஆனது. காட்டில் புலி பிடிப்பவனுக்குக்கூட இவ்வளவு ஊக்கம் இருந்திருக்காது.

அளவிலாவது ஒற்றுமை இருக்கிறதா? இலவசக் கைப்பை என்றால் ஈஸிஜெட்டுக்கு 45, 36, 20 சென்டிமீட்டர். ரயன்ஏருக்கு 40, 30, 20. அதுவும் 2025-இல் பெரிய மனது பண்ணிக் கொஞ்சம் கூட்டிய பிறகு. போகும்போது ஒன்றிலும் வரும்போது மற்றொன்றிலும் ஏறினால், போகையில் யோக்கியமாக இருந்த பை வருகையில் குற்றவாளி ஆகிவிடுகிறது. இடையில் அது செய்த பாவம் மலாகாவில் வெயில் காய்ந்ததுதான்.

எங்கள் ஒழுக்கத்தையும் மறைக்கப் போவதில்லை. ஊருக்குள் மதுக்கடைக்கு உள்ள நேரக் கட்டுப்பாடு இங்கிலாந்து விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டினால் கிடையாது. ஆகவே விடிகாலை ஐந்து மணிக்குப் பல் விளக்கிய கையோடு பீர் குடிக்கிறோம். ஆளுக்கு இரண்டு குவளைதான் என்று கட்டுப்படுத்தச் சொல்லி 2024-இல் ஓலியரியே கேட்டார். அவருடைய விமானத்துக்குள் தள்ளுவண்டியில் வரும் பாட்டில்கள் அந்தக் கணக்கில் சேருமா என்று விளக்கினால் நன்று.

ஒரு நன்றியும் சொல்ல வேண்டும். 2017-இல் மோனார்க் விமான நிறுவனம் முழுகியபோது சுமார் 85,000 பேரையும், 2019-இல் தாமஸ் குக் பயண நிறுவனம் முழுகியபோது ஏறத்தாழ 1,40,000 பேரையும் காசு கேட்காமல் ஊர் கொண்டுவந்து சேர்த்தீர்கள். அவர்களில் எத்தனையோ பேர் வீடு வந்ததும் கணினியைத் திறந்து, 'விலை: குறைவு முதல்' என்ற பொத்தானை மறுபடி அழுத்தியிருப்பார்கள். நானாக இருந்தால் அழுத்தியிருப்பேன்.

ஆகவே, நாட்டுக்கு ஒரே பை அளவு என்று ஏற்பாடு செய்யுங்கள். முடிந்தால் அந்தப் பொத்தானை எங்கள் கண்ணில் படாமல் ஒளித்து வையுங்கள்.

பதில் அக்டோபருக்குள் வந்தால் உதவியாக இருக்கும். அப்போது மறுபடி மலாகா, டிக்கெட் 16 பவுண்டு. ஐந்தாவது சட்டை வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
நடு இருக்கைப் பயணி